பாகூர் போர்வெல்லில் வந்த கருப்பு மண்ணும் கடலூர்க் கடலடி எண்ணெயும்

ஜூன் 2, இரவு 9.10 (கேள்வி: பாகூர் வாசகர்)

போன வாரம் எங்கள் வயலில் போர்வெல் போட்டோம். முந்நூறு அடியை நெருங்கும்போது கருப்பாக மண் வந்தது, கையில் எடுத்தால் லேசாக இருந்தது. போர் வண்டிக்காரர், "இது நெய்வேலிக் கரிதான். இதுதான் கீழே இறங்கி உருகி, கடலுக்கடியில் பெட்ரோல் ஆகிறது" என்றார். உண்மையா? உண்மை என்றால் இங்கேயே தோண்டாமல் ஏன் கடலில் போய்த் தேடுகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு 10.25

தம்பி, முதல் பாதி சரியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நெய்வேலி எல்லையோடு நின்றுவிடவில்லை. கடலூர் மணற்கல் என்ற பாறை அடுக்குக்குள் அது வடக்கே பாகூர் வரைக்கும் வருகிறது. 1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டியபோது தண்ணீரோடு கருப்பாக வந்ததும் இதேதான்.

இரண்டாம் பாதி சரியில்லை. உங்கள் கருப்பு மண்ணுக்கு வயது சுமார் இரண்டு கோடி ஆண்டு. அது மரம் செடி மட்கிப் படிந்தது. கடலூர்க் கடலடி எண்ணெய் பிறந்த பாறைக்கு, தாய்ப்பாறை என்பார்கள், வயது பத்துக் கோடிக்கும் மேல். தாய்ப்பாறை வெந்து எண்ணெய் வர சுமார் 60 டிகிரியில் தொடங்கி 120 டிகிரி வரை சூடு வேண்டும். அதைத் தாண்டினால் வாயுவாகிவிடும். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரிதான் கூடும். முந்நூறு அடியில் உங்கள் வயல் வெயிலை விடக் குளிர்ச்சி. அந்தக் கரி இன்னும் பச்சை. அடுப்பில் ஏறவே இல்லை.

நான் பரங்கிப்பேட்டைக்காரன். பதினெட்டு வருடம் எண்ணெய் தேடித் துளை போடும் ரிக்குகளில் மட் லாக்கிங் வேலை பார்த்தேன். பூமிக்குள்ளிருந்து வரும் கல் துகளைக் கழுவிப் பார்த்து, இது என்ன பாறை, எண்ணெய் உண்டா என்று எழுதிவைப்பதுதான் வேலை. கடல் ஏன் என்ற கேள்விக்கு நாளைக்கு எழுதுகிறேன், அது பெரிய கதை.

ஜூன் 3, மாலை 6.40

கதை பிளவில் தொடங்குகிறது. இந்தியா, இலங்கை, அண்டார்டிகா எல்லாம் கோண்ட்வானா என்ற ஒரே நிலமாக இருந்தவை. அந்த நிலம் இரண்டு பக்கமும் இழுபட ஆரம்பித்தபோது நம் கிழக்குக் கரை இருக்கும் இடம் நைந்தது. கடைசியில் ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகா அந்தப் பக்கம் போனது, நாம் இந்தப் பக்கம் வந்தோம்.

ஒரே நாளில் படாரென்று கிழிந்ததாக நினைக்க வேண்டாம். கோடிக்கணக்கான ஆண்டுகள் நடந்த இழுப்பு அது. நாட்டு ஓட்டு வீட்டில் சட்டம் விலகினால் என்ன ஆகும்? ஓடுகள் ஒரு பக்கமாகச் சரியும், வரிசைக்கு வரிசை ஒரு குழி விழும், நடுவில் சில ஓடுகள் மேடாகவே நிற்கும். அப்படித்தான் இங்கே கிரானைட் பாறை துண்டு துண்டாகச் சரிந்தது. பள்ளமும் மேடும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகின்றன. அரியலூரிலிருந்து புதுச்சேரி நோக்கி ஒரு பள்ளம். அதற்குத் தெற்கே கும்பகோணம், மாதானம் வழியாக ஒரு மேடு. அதற்கும் தெற்கே தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பள்ளங்கள். இடையில் காரைக்கால் மேடு. மொத்தமும் சேர்ந்ததுதான் காவிரிப் படுகை. நிலத்தில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர். கடலுக்குள் அதைவிடப் பெரிது.

மேலே நெல் வயலும் தென்னந்தோப்பும் சமமாகத் தெரிகின்றன. புவனகிரியில் பஸ்ஸுக்கு நிற்பவருக்குக் காலடியில் இப்படி ஒரு பள்ளம் மூடிக் கிடப்பது தெரியவே தெரியாது. எனக்கும் வேலைக்குப் போகும்வரை தெரியாது. செஞ்சிக் கோட்டைப் பாறையைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரிப் பழம்பாறைதான் இங்கே கிலோமீட்டர் கணக்கில் கீழே போய்விட்டது. பள்ளத்தின் ஆழமான இடங்களில் மேலே படிந்த வண்டல் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல்.

ஜூன் 3, இரவு 8.05

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஓர் அக்கா, "இலங்கையும் அப்போதே பிரிந்துவிட்டதா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. நமக்கும் இலங்கைக்கும் நடுவில் கிழிசல் தொடங்கியது, முழுதாகக் கிழியவில்லை. அதனால்தான் பாக் நீரிணை அவ்வளவு ஆழம் குறைவு. பாதியில் நின்ற பிளவு அது. ஆனால் பாதியில் நின்றாலும் பள்ளம் பள்ளம்தான், அதிலும் வண்டல் நிரம்பியிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் இலங்கைப் பக்கம் 2011-ல் கெய்ர்ன் நிறுவனம் வாயு கண்டுபிடித்தது அந்தப் பாதிக் கிழிசலில்தான்.

ஜூன் 4, காலை 7.15

பள்ளம் விழுந்தால் மட்டும் எண்ணெய் வந்துவிடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. பள்ளத்துக்குள் மூச்சு முட்ட வேண்டும்.

பிச்சாவரத்தில் படகிலிருந்து இறங்கிச் சேற்றில் கால் வைத்திருக்கிறீர்களா? மேலே ஒரு விரல் அளவுக்குப் பழுப்பு நிறம். காலை எடுத்தால் அடியிலிருந்து கன்னங்கரேல் என்று சேறு வரும், கூடவே அழுகிய முட்டை வாசனை. அந்தக் கருப்புக்குள் காற்று இல்லை. ஆக்சிஜன் இருந்தால் புழுவும் நுண்ணுயிரும் செத்த இலையை, பாசியைத் தின்று தீர்த்திருக்கும், எதுவும் மிஞ்சியிருக்காது. ஆக்சிஜன் இல்லாததால் அப்படியே கிடக்கிறது. சின்ன வயதில் நண்டு பிடிக்கப் போய் முழங்கால் வரை அதில் புதைந்திருக்கிறேன். அம்மா கிணற்றடியில் நிற்கவைத்து மூன்று குடம் ஊற்றியும் வாசனை போகாது.

பிளவுப் பள்ளங்கள் இந்தக் காரியத்துக்கென்றே செய்தவை மாதிரி. முதலில் ஏரி உண்டாகும். குறுகலாக, நீளமாக, பயங்கர ஆழமாக. இன்றைக்கும் ஆப்பிரிக்காவில் பார்க்கலாம். தாங்கனீக்கா ஏரி 1,470 மீட்டர் ஆழம். மேலே நூறு, இருநூறு மீட்டரைத் தாண்டினால் தண்ணீரில் ஆக்சிஜனே இல்லை. மேலே வளரும் பாசி செத்து அடியில் இறங்கினால் தின்ன ஆள் கிடையாது. பிறகு கடல் உள்ளே வருகிறது. ஆனால் சுற்றிலும் மேடுகள் நிற்பதால் தண்ணீர் புரண்டு கலக்க முடியாது, அடித்தண்ணீர் தேங்கிவிடும். போதாக்குறைக்கு கிரெட்டேசியஸ் என்ற டைனோசர் காலத்தில் உலகக் கடல்களே சில முறை மூச்சு முட்டின. சுமார் 12 கோடி ஆண்டுக்கு முன் ஒரு தடவை, 9.4 கோடி ஆண்டுக்கு முன் இன்னொரு தடவை. நம் பள்ளம் திறந்து கடல் புகுந்த காலமும் இதே காலம். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

இங்கே இரண்டு தாய்ப்பாறைகளைச் சொல்வார்கள். கீழே ஆண்டிமடம் அடுக்கு, அதற்கு மேல் சாத்தப்பாடி ஷேல். ஷேல் என்றால் சேறு இறுகி ஆன களிப்பாறை. எண்ணெய்க்காரர்கள் அடுக்குக்கு வைக்கும் பெயரெல்லாம் நம் ஊர்ப் பெயர்கள். புவனகிரி மணற்கல், நன்னிலம், கமலாபுரம். போர்ட்டோநோவோ ஷேல் என்று ஒன்று இருக்கிறது, அது எங்கள் பரங்கிப்பேட்டைதான். முதல்முதலாக லாக் தாளில் அந்தப் பெயரைப் பார்த்தபோது வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

ஜூன் 4, காலை 7.50

விட்டுப்போன ஒன்று. பாசி நிறைய இருந்த சேறு வெந்தால் எண்ணெய் தரும். மரக்கட்டை, இலை மாதிரி நிலத்துச் சமாச்சாரம் வெந்தால் பெரும்பாலும் வாயுதான் தரும். பாகூர்க் கரியை இன்னும் மூன்று கிலோமீட்டர் கீழே தள்ளி வேகவைத்தாலும் முக்கியமாக வாயுதான் வரும். போர் வண்டிக்காரரிடம் இதையும் சொல்லுங்கள்.

ஜூன் 5, இரவு 11.30

"ஷேல், ஷேல் என்கிறீர்களே, பார்க்க எப்படி இருக்கும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குப் பிடித்த கேள்வி.

துளை போடும்போது மட் என்ற கனமான சேற்றுக் கரைசலைக் குழாய் வழியாக உள்ளே அனுப்புவார்கள். அது பிட் உடைத்த துகள்களைச் சுமந்துகொண்டு வெளியே வரும். ஷேக்கர் என்று ஒரு சல்லடை அதிர்ந்துகொண்டே இருக்கும், மட் கீழே வடியும், துகள் மேலே நிற்கும். ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் அலசித் தட்டில் பரப்பி மைக்ரோஸ்கோப்பில் வைப்போம். மணற்கல் என்றால் சர்க்கரை மாதிரி தனித்தனியாக உதிரும். ஷேல் தகடு தகடாக இருக்கும், நகம் அளவு. நல்ல தாய்ப்பாறை என்றால் கருஞ்சாம்பல், ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும், விரலில் கறை படியும். அப்புறம் தட்டை புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் தள்ளிக் கதவை மூட வேண்டும். எண்ணெய் பட்ட மணல் துகள் இருட்டில் மஞ்சளாக, சிலது நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும். ராத்திரி மூன்று மணிக்கு நடுக்கடலில் தனியாக அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும்போது உள்ளே பொட்டுப் பொட்டாக மினுங்கினால், பத்துக் கோடி வருடத்துக்கு முன் செத்த பாசி அது. எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறியும்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். துகள் அடியிலிருந்து மேலே வர நேரம் பிடிக்கும். மூவாயிரம் மீட்டர் என்றால் இரண்டு பம்ப் ஓடும்போதே ஒரு மணிக்கு மேல். அந்த நேரத்தைக் கழித்துத்தான் துகள் போட்டு வைக்கும் பையில் ஆழம் எழுத வேண்டும். ஒரு நாள் ஒரு பம்ப் நின்றுவிட்டது. மட் ஓட்டம் பாதியானது. நான் பழைய கணக்கையே வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். ஷேல் தொடங்கும் இடம் நான் எழுதியதை விட 15 மீட்டர் மேலே என்று பிறகு துளைக்குள் கருவி இறக்கி மின் லாக் எடுத்தபோது தெரிந்தது. ஜியாலஜிஸ்ட் திட்டவில்லை. மூன்று நாள் பைகளையும் என்னையே திரும்ப எழுதவைத்தார். அன்றிலிருந்து ஆழம் என்ற எண்ணை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

ஜூன் 7, மதியம் 2.20

3-ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். இழுபட்டது, சரிந்தது, பள்ளம் ஆனது என்று எழுதிவிட்டேன். பாதிக் கதைதான் அது. அந்தப் பள்ளம் மட்டும் என்றால் வண்டல் நிரம்பி எப்போதோ மூடியிருக்கும்.

இழுபடும்போது பூமியின் மேலோடு மெலிகிறது. அடியிலிருக்கும் சூடான பாறை மேலே நெருங்கி வருகிறது. இழுப்பு நின்ற பிறகு அந்தச் சூடு மெல்ல ஆறும். ஆற ஆற பாறை சுருங்கிக் கனமாகும், தரை தானாகவே இறங்கும். முதலில் வேகமாக, போகப் போக மெதுவாக, கோடி கோடி ஆண்டுகளுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். 1978-ல் டான் மெக்கன்சி என்ற புவியியலாளர் இதைக் கணக்காக எழுதிக்காட்டினார். எவ்வளவு இழுபட்டது என்று தெரிந்தால் எவ்வளவு இறங்கும், எவ்வளவு சூடு வரும் என்று போட்டுப் பார்க்கலாம்.

இந்த இரண்டாவது இறக்கம்தான் அடுப்பு. தாய்ப்பாறை மேல் மணலும் களியும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காக ஏறி ஏறி அதைச் சூடான ஆழத்துக்குத் தள்ளியது. ஏன் கடலில் தேடுகிறார்கள் என்ற முதல் கேள்விக்கும் பதில் இங்கே இருக்கிறது. மெலிந்த பக்கம் கிழக்கு. அதனால் இறக்கமும் அந்தப் பக்கம்தான் அதிகம், ஆறுகள் கொண்டுவந்த வண்டலும் அந்தப் பக்கமே குவிந்தது. நிலத்திலும் எண்ணெய் உண்டு, நரிமணத்தில் எடுக்கிறார்களே. ஆனால் அதே அடுக்குகள் கடல் பக்கமும் நீண்டு போகின்றன, நல்ல ஆழத்தில் வெந்த இடங்கள் அங்கேயும் நிறைய.

ஜூன் 7, இரவு 9.45

ஒரு நண்பர் நேரில் கேட்டார்: "கிரானைட்டுக்குள் வாயு இருக்கிறதாமே, பிளவு, பாசி என்று நீ சொல்வதெல்லாம் அப்போது பொய்யா?"

பி.ஒய்-1 என்ற வாயு வயலைச் சொல்கிறார். எங்கள் ஊருக்கு எதிரே கடலில் இருக்கிறது. 1980-ல் ஓ.என்.ஜி.சி. கண்டுபிடித்தது. வாயு இருப்பது உடைந்து, சிதைந்து போன கிரானைட் பாறையின் வெடிப்புகளில்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரும் சொன்னது, "பழம்பாறை தட்டியாச்சா, மூட்டையைக் கட்டு." அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது என்று நானும் நம்பினேன். அது தவறு.

ஆனால் அந்த வாயுவைப் பெற்றெடுத்தது கிரானைட் இல்லை. பக்கத்துப் பள்ளத்தில் ஷேல் வெந்து வாயு கிளம்பியது. லேசானது அல்லவா, மேலே மேலே ஏறியது. சரிந்த ஓடுகளுக்கு நடுவே மேடாக நின்ற ஓடு என்று எழுதினேனே, அந்த மேட்டின் தலை பள்ளத்திலிருக்கும் ஷேலை விட உயரத்தில் இருக்கிறது. வெடிப்பு விழுந்த தலை. அங்கே போய் ஒதுங்கிக்கொண்டது, மேலே களிப்பாறை மூடிக்கொண்டது. பெற்றவள் ஒரு வீடு, வளர்ந்தது ஒரு வீடு. பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றாக உண்டாக்கியது பிளவுதான். பி.ஒய்-3 வேறு மாதிரி. 1988-ல் கிடைத்த எண்ணெய் வயல், அங்கே எண்ணெய் இருப்பது மணற்கல்லில். மிக லேசான, நல்ல எண்ணெய். 1997-ல் எடுக்கத் தொடங்கி 2011-ல் நின்றது.

ஜூன் 9, மாலை 5.30

நேற்று பையனோடு காரைக்குப் போய் வந்தேன். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை. கடற்கரையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் உள்ளே. மரமே இல்லாமல், மழை அரித்து அரித்து வரிவரியாகக் கிடக்கும் களிமண் மேடுகள். வெயிலில் ஜிப்சம் தகடுகள் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னுகின்றன. குனிந்து பார்த்தால் தோட்டா மாதிரி கூராகக் கல் கிடக்கும். பெலெம்னைட். நம் கணவாய்க்குத் தூரத்து உறவு, எப்போதோ அற்றுப்போன இனம். பையன் பத்து நிமிடத்தில் ஏழு பார்த்தான். பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வந்தோம்.

ரிக்கில் நான் தட்டில் பார்த்த சாத்தப்பாடி ஷேலும் இந்தக் காரைக் களியும் ஒரே காலத்துக் கடலில் படிந்தவை. இது அந்தக் கடலின் ஓரம். அது பள்ளத்தின் நடு. ஓரம் வெளியே கிடந்து வெயிலிலும் மழையிலும் வெளுத்துவிட்டது. நடுவில் இருந்தது புதைந்து கருத்துக் கிடக்கிறது. இத்தனை வருடம் துகளாகவே பார்த்த ஒன்றின் மேல் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

புதுச்சேரிக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். சேதராப்பட்டு, கரசூர், வழுதாவூர் பக்கம் போனால் அதே கடல் கடைசிக் காலத்தில் விட்டுப்போன பாறை இருக்கிறது. டைனோசர்கள் அழிவதற்குச் சற்று முந்தைய காலம். இந்தப் பக்கத்துச் சங்குகள் 1840களிலேயே லண்டனுக்குப் போய்விட்டன. 1862-ல் ஹென்றி பிளான்ஃபோர்ட் என்ற புவியியலாளர் தென்னார்க்காடு, திருச்சி மாவட்டப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதினார். அந்த இடங்களில் இப்போது கம்பெனிகளும் மனைப்பிரிவுகளும் வந்துகொண்டிருக்கின்றன. மிச்சம் இருப்பதை வேலி போட்டுக் காப்பாற்ற வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. திருவக்கரையில் கல்மரங்களைக் காத்து வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரி.

ஜூன் 10, காலை 8.00

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். திருவக்கரைக் கல்மரங்கள் இந்தக் கடல் காலத்தவை என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். இல்லை. அவை கடலூர் மணற்கல்லைச் சேர்ந்தவை, சுமார் இரண்டு கோடி ஆண்டு. கடலூரில் கேப்பர் மலையின் செம்மண்ணும் அதே மணற்கல்தான். பாகூர்த் தம்பி கேட்ட கரியும் அதே அடுக்குக்குள் வருகிறது.

ஜூன் 11, இரவு 10.15

"இதெல்லாம் பெருமையாக எழுதுகிறீர்கள், வயலில் ரிக் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?" என்று காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020-ல் சட்டம் வந்தபோது உங்கள் ஒன்றியமும் அதில் சேர்ந்தது. நான் சந்தோஷப்பட்டேன், ரிக்கில் சம்பாதித்துத்தான் வீடு கட்டினேன் என்றாலும். மேலே இருக்கும் நன்னீர் மணல் ஒரு முறை கெட்டால் திரும்ப வராது. அதைக் காக்கத்தான் முதல் சில நூறு மீட்டருக்கு இரும்புக் குழாய் இறக்கிச் சிமென்ட் அடைக்கிறார்கள். அந்தச் சிமென்ட் சரியாகப் பிடித்ததா என்று சோதிக்கும் நாளில் யாரையும் அவசரப்படுத்தக் கூடாது. அவசரப்படுத்துவதை நான் பார்த்திருக்கிறேன், அப்போது வாய் திறக்காமல் இருந்ததற்கு இன்றும் வருத்தம் உண்டு.

ஜூன் 15, மாலை 6.10

பாகூர்த் தம்பி இன்று என்னைப் பார்க்க வந்திருந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் அந்தக் கருப்பு மண்ணைக் கொண்டுவந்தார். காய்ந்து, ஓரமெல்லாம் பழுப்பாகி வெடித்திருந்தது. என் பழைய லென்ஸை எடுத்துப் பார்த்தோம். மரத்தின் நார் வரி வரியாக அப்படியே தெரிகிறது. ஒரு துண்டை அவர் அம்மா விறகடுப்பில் போட்டாராம், புகைந்து புகைந்து சாயங்காலம் வரை கனன்றிருக்கிறது.

புற ஊதா விளக்கிலும் வைத்துப் பார்த்தோம். மணல் துகள் ஒன்றுகூட மினுங்கவில்லை. பாட்டிலைத் திருப்பிக் கேட்டார், கொடுத்துவிட்டேன். ஒரு துண்டை மட்டும் எனக்கென்று வாங்கி, ரிக்கிலிருந்து கொண்டுவந்த ஷேல் தகடுக்குப் பக்கத்தில் ஜன்னலில் வைத்திருக்கிறேன்.